தைரியக் கட்டணம்

தன் புருஷன் உடம்புக்குள் இன்னொரு பெண் குடியேறியிருக்கிறாள் என்ற சங்கதி, ஒரு நர்ஸ் வாய் தவறியதால்தான் தாரணிக்குத் தெரியவந்தது.

"அந்தக்காவோடது உங்களுக்கு நல்லாச் சேருதுங்கண்ணா. கை நடுக்கம் எவ்வளவு கொறைஞ்சிருக்குது பாருங்க" என்றாள் நர்ஸ், பூபதியின் பிடரியிலிருந்து ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தியபடி.

பூபதி கையை நீட்டிப் பார்த்துச் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த தாரணி சிரிக்கவில்லை.

"எந்தக்கா?" என்றாள்.

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு, குப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். தாரணி விடுகிற ஆளா? நேரே ஆலோசகர் நஸ்ரீனின் அறைக்குப் போய், உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள்.

ஈரோட்டில் பெருந்துறை சாலையில் இருந்த அந்த இடத்துக்குத் துணை நிலையம் என்று பெயர். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இடம். முன்வாசல் வழியாக அடிபட்டவர்கள் வருவார்கள். பின்வாசல் வழியாக அடித்தவர்கள் வருவார்கள். இரண்டு பேரும் சந்தித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக நடுவில் ஒரு பெரிய சுவரைக் கட்டியிருந்தார்கள். அரசாங்கத்துக்குச் சுவர் மேல் எப்போதும் ஒரு நம்பிக்கை.

"மேடம், என்ற ஊட்டுக்காரருக்கு ஏத்தறது ஒரு பொம்பளையோடதுங்களா?"

நஸ்ரீன் பெருமூச்சு விட்டார். "யாரோடதுன்னு நாங்க சொல்லக் கூடாதுங்க."

"சொல்ல வேண்டாம். ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

நஸ்ரீன் பதில் சொல்லாமல் மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தார். அதுவே பதில்தான்.

"தாரணியக்கா, நீங்க நினைக்கிற மாதிரி இதுல ஒண்ணும் இல்ல. முன்னெல்லாம் குற்றம் பண்ணினவங்ககிட்ட அபராதம் வாங்கி, அந்தப் பணத்துல அடிபட்டவங்களுக்கு வக்கீல், வைத்தியம், தங்க இடம்னு செஞ்சுட்டிருந்தாங்க. இப்பவும் அது இருக்கு. ஆனா பயம்னு ஒண்ணு இருக்குது பாருங்க, அதைப் பணத்தால போக்க முடியல. மூளையில பயத்தை அடக்கற ஒரு நீர் ஊறுது. அடிபட்டவங்களுக்கு அது வத்திப் போயிருது. சரி, யாரு பயத்தை உண்டாக்குனாங்களோ அவங்ககிட்ட இருந்தே அந்த நீரை எடுத்துக் குடுக்கலாம்னு சட்டம் போட்டாங்க. தண்டனையோட சேர்ந்த கட்டணம் அது. ஊருக்குள்ள தைரியக் கட்டணம்ங்கறாங்க."

"எடுத்துட்டா அவிங்களுக்கு?"

"கட்டணக் காலம் முடியற வரைக்கும் பயந்துட்டுத்தான் இருப்பாங்க. அப்புறம் தானா ஊறிக்கும்."

"அந்தத் தண்ணியோட வேற என்ன வரும்? அவ கொணம், அவ நெனப்பு, இதெல்லாம் வருமா?"

"ஒண்ணும் வராதுங்க. ரத்தம் ஏத்துனா ரத்தம் குடுத்தவங்க கொணமா வருது?"

தாரணி நம்பவில்லை. "இவரை வெட்டுனவிங்க தைரியத்தை எடுத்து ஏத்துங்களேன். அதுதானே நாயம்?"

"அதுதான் முறையும். யார் தப்பு பண்ணினாங்களோ அவங்க கட்டணத்துல முதல் உரிமை அவங்களால அடிபட்டவங்களுக்கு. அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாத்தான் பொதுவுக்கு வரும். உங்க வீட்டுக்காரரை வெட்டுனவங்க இன்னும் சிக்கலையே. அதனால பொதுவுல இருந்து தர்றோம். ரத்தம் மாதிரி இந்த நீர்லயும் வகை இருக்குது, அவரோட வகை ரொம்ப அபூர்வம். இந்த மாவட்டத்துல ஒருத்தரோடதுதான் சேர்ந்துச்சு."

"என்றது சேருமான்னு பாருங்க."

அன்றைக்கே பார்த்தார்கள். சேர்ந்தது. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே வகை! கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்த ஜோசியர் சொன்ன பொருத்தத்தைக் கேட்டபோதுகூடத் தாரணிக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. தலையைக் குனிந்து பிடரியைக் காட்டாத குறைதான்.

"ஆனா எடுக்க முடியாதுங்கக்கா" என்றார் நஸ்ரீன். "குற்றவாளிங்ககிட்ட மட்டும்தான் எடுக்கலாம். யார்கிட்ட வேணாலும் எடுக்கலாம்னு விட்டா, காசில்லாதவங்க தைரியத்தைக் காசிருக்கறவங்க வெலைக்கு வாங்கிருவாங்க. அப்புறம் பாதி ஊரு பயந்துட்டுக் கெடக்கும்."

"அப்ப தப்புப் பண்ணாம இருந்ததுதான் நாஞ்செஞ்ச தப்புங்களா?"

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்து நஸ்ரீன் சிரித்தார். தாரணி வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பூபதி கருங்கல்பாளையம் சந்தையில் மாட்டுத் தரகர். காலம் எவ்வளவோ மாறி, வண்டிகள் தாமாக ஓட ஆரம்பித்த பிறகும் மாட்டு வியாபாரம் மட்டும் துண்டுக்கு அடியில்தான் நடந்தது. வாங்குகிறவனும் விற்கிறவனும் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். வெளியில் நிற்கிறவர்களுக்கு இரண்டு முகம் மட்டும்தான் தெரியும். அந்த விரல் பாஷையில் பூபதியை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாரத்தில் பாதி நாள் சந்தை, மீதி நாள் மாடு பார்க்க ஊர் ஊராகப் பயணம். கல்யாணமான நாளிலிருந்து தாரணி அவரை மாடுகளோடு பங்கு போட்டுக்கொண்டுதான் குடும்பம் நடத்தினாள். மாடுகளுக்குத்தான் பங்கு அதிகம்.

அப்புறம்தான் அந்தச் சம்பவம். சந்தை முடிந்து திரும்பும்போது புறவழிச் சாலையில் இரண்டு பேர் மறித்து, வலது முன்கையில் வெட்டிவிட்டு வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். காயம் சீக்கிரம் ஆறிவிட்டது. பூபதிதான் ஆறவில்லை. கேட்டைத் தாண்ட மாட்டார். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அடுப்படிக்கு வந்து தாரணியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார். அவள் குளிக்கப் போனால் குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அம்மணி, இருக்கறயா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

"இருக்கறனுங்க. எங்க போயர்றேன்?" என்று உள்ளேயிருந்து சொல்வாள் தாரணி.

சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அந்த மாதங்களில் தாரணி சந்தோஷமாக இருந்தாள். ஓசூரில் வேலை பார்க்கிற மகளிடம் போனில், "அப்பனை நெனச்சா மனசே ஆற மாட்டேங்குது கண்ணு" என்று அழுதாள். அழுகையும் நிஜம்தான். ஆனால் போனை வைத்துவிட்டு அவருக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடையும்போது அவள் வாயில் பாட்டு வந்தது. அவர் இப்போது முழுசாக அவளுடையவர்.

ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்ளாமல் அவரால் தெருவில் கால் வைக்க முடியவில்லை. ஆனால் ஊரறிந்த தரகர் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதா? மானம் போய்விடாதா? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். தோளில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்து இரண்டு கைமேலும் போட்டுக்கொண்டார். துண்டுக்கு அடியில் தாரணி அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"இப்புடிப் புடிக்கறதுக்குச் சந்தையில ஒரு அர்த்தம் இருக்குது, தெரியுமா?" என்றார் பூபதி, நடுங்கிக்கொண்டே.

"என்னங்க அர்த்தம்?"

"மாடு விக்கறதுக்கில்லைன்னு அர்த்தம்."

"அப்புடியே வெச்சுக்குங்க" என்றாள் தாரணி. அன்றைக்கு அவளுக்கு ஆஸ்பத்திரி இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் குப்பி வழியாக அந்தப் பெண் வந்தாள்.

ஊசி ஏற ஏற பூபதி தெளிந்தார். முதலில் கேட் வரை போனார். பிறகு தெருமுனை மளிகைக்கடை வரை. குளியலறை வாசலில் போட்ட நாற்காலி பழையபடி கூடத்துக்குப் போனது. ஊரே வந்து நல்ல சேதி கேட்டது. தாரணியும் எல்லோருக்கும் காபி கொடுத்து, "சாமி புண்ணியம்" என்றாள். உள்ளே எரிந்தது. இத்தனை மாதமாக நான் சோறு ஊட்டி, தலை கோதி, கூடவே கிடந்தேன். எனக்கு வராத தைரியம் அவருக்கு எவளோ ஒரு களவாணியிடமிருந்தா வரணும்?

அதன்பிறகு பூபதி எதைச் செய்தாலும் அதில் அந்தப் பெண் தெரிந்தாள். அவர் சீட்டியடித்தால் அவள் சீட்டி. அவர் ரசத்தில் அதிகமாக மிளகு கேட்டால் அவள் நாக்கு. ஒருநாள் ராத்திரி அவர் நிம்மதியாகக் குறட்டை விட்டதைக்கூடத் தாரணியால் பொறுக்க முடியவில்லை. எழுப்பி உட்கார வைத்து, "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டாள்.

ஆடி பிறந்ததும் பூபதி ஒரு குண்டைப் போட்டார்.

"இனிமே வியாழக்கெழமை ஊசிக்கு நானே தனியாப் போய்க்கறேன் அம்மணி. நீ எதுக்கு வேலையக் கெடுத்துட்டு?"

"எனக்கென்ன வேலை? உங்க கூட வர்றதுதான் வேலை."

"போச்சாது, நா பாத்துக்கறேன்."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கேட்டைத் தாண்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வியாழன்தோறும் போனவர் பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் வந்தார். கேட்டால், "சந்தைப் பக்கம் சித்த எட்டிப் பாத்துட்டு வந்தேன்" என்பார். முகம் பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பு தாரணியைத் தூங்கவிடவில்லை.

ஆவணியில் ஒருநாள் மொட்டை மாடியில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் பூபதி நின்றுகொண்டிருந்தார். ஏணியில் இரண்டாம் படி ஏறினாலே தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடுகிற மனிதர்! தொட்டி கழுவ எப்போதும் கூலிக்கு ஆள்தான் வரும்.

"ஆரு உங்களை அங்க ஏறச் சொன்னது?"

"தோணுச்சு, ஏறிட்டேன்" என்று சிரித்தார்.

தோணுச்சாம். யாருக்குத் தோணுச்சு?

மறுநாளே தாரணி துணை நிலையத்தின் பின்வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனாள். நிலையத்தின் ரகசியமெல்லாம் சுவருக்கு உள்ளேதான். டீக்கடையில் ரகசியம் கிடையாது. டீக்கடை அம்மாவே பேச்சை எடுத்தாள்.

"வெயாழக்கெழமை வருவா, கோகிலான்னு ஒருத்தி. மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவிப் பூட்டின ஊட்டுக்குள்ள எறங்கறவ. போலீஸ் தொரத்துனப்ப மூணு மாடி ஒசரத்துல செவுத்து மேல ஓடுனாளாமா. இப்பப் பாரு, இந்த ரோட்டைத் தாண்ட மாட்டேங்கறா. அவ திருடுன ஊட்டுக்காரங்க அவளுது வேண்டாம்னுட்டாங்களாமா. ஆரோ ஒரு மாட்டுத் தரகருக்கு ஏத்தறாங்களாமா."

தாரணி பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டாள். மொட்டை மாடி! அந்த நஸ்ரீன் மேடம் குணமெல்லாம் வராது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாரே. தொட்டிமேல் நின்று சிரித்தது பின்னே யார்?

அடுத்த வியாழக்கிழமை பூபதி கிளம்பிப் போனபின், தாரணி தூக்குப்போசியில் சோறும் கொள்ளுப் பருப்பும் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாப்பாடு கொண்டுபோகிறவள் முன்வாசலுக்கு அல்லவா போகவேண்டும்? அவள் கால் பின்வாசல் பக்கம் போனது.

சாலையோரத்தில் ஒல்லியாக ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். தலையில் துப்பட்டா, காலில் ரப்பர் செருப்பு. ஒரு பஸ் ஹாரன் அடித்தால் இரண்டடி பின்னால் போனாள். சாலை காலியானதும் ஓரடி முன்னால் வைத்தாள், மறுபடி பின்னால் போனாள். தாரணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா, அந்தப் பக்கம் போறீங்களா? கோவிச்சுக்காதீங்க, சித்த கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயர்றீங்களா?"

தாரணி யோசிக்கக்கூட இல்லை. எட்டு மாதம் ஒருவரைக் கைபிடித்து நடத்திய பழக்கம், கை தானாக நீண்டது. அவள் பிடித்துக்கொண்டாள். நடுச்சாலை வரும்போதுதான் தாரணி அந்தக் கையைக் கவனித்தாள். அதே ஈரம். உள்ளங்கையில் அதே துடிப்பு. பூபதியின் கை முதல் மாதத்தில் இப்படித்தான் இருந்தது.

அந்தப் பக்கம் சேர்ந்ததும் கேட்டாள். "உன்ற பேரென்ன?"

"கோகிலாங்கக்கா."

என்ன நினைத்து அடித்தாள் என்று தாரணியைக் கேட்டால் இரண்டு காரணம் சொல்லுவாள். ஒன்று, வயிற்றெரிச்சல். அதை ஒளிக்கவில்லை. இன்னொன்று கணக்கு. குற்றவாளியிடம்தானே எடுப்பார்கள்? சரி, நானும் குற்றவாளி ஆகிவிட்டால் என்னுடையதை எடுத்து அவருக்கு ஏற்றித்தானே ஆகவேண்டும், எனக்கும் அவருக்கும் ஒரே வகையாயிற்றே! யாரையாவது அடித்துத்தான் ஆகவேண்டும் என்றால் இவளைவிடப் பொருத்தமான ஆள் ஏது? தூக்குப்போசி உயர்ந்தது. கோகிலாவின் நெற்றியில் இறங்கியது.

மாடிகள் தாவியவள் கையைக்கூடத் தூக்கவில்லை. தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. மடியெல்லாம் சோறும் பருப்பும்.

"நா என்னக்கா பண்ணுனேன்?" என்றாள்.

அந்தக் கேள்வி தாரணிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. ஓடிவந்த காவலாளியிடம், "நாந்தான் அடிச்சேன். வேணும்னேதான் அடிச்சேன். கேஸ் எழுதுங்க" என்றாள். வாழ்க்கையில் முதன்முதலாகக் குற்றம் செய்கிறவர்களுக்கு இருக்கிற சுறுசுறுப்பு அவளிடம் இருந்தது.

வழக்கு நீளவில்லை. ஒப்புக்கொண்டவளிடம் என்ன விசாரிப்பது? மாஜிஸ்திரேட் ஆறு மாதம் தைரியக் கட்டணம் விதித்தார். வெளியே வந்ததும் தாரணி நஸ்ரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப எடுக்கறீங்க மேடம்? இன்னைக்கே எடுத்துக்கங்க. இனி அவருக்கு அந்தத் திருடியோடது வேண்டாமில்லைங்களா?"

நஸ்ரீன் அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பரிதாபம்தான் இருந்தது.

"முதல் உரிமை யாருக்குன்னு அன்னைக்கே சொன்னேனேக்கா. நீங்க அடிச்சது கோகிலாவை. உங்க கட்டணம் கோகிலாவுக்கு."

"அவ வேண்டாம்னு சொல்லிருவா. ரோசம் இருந்தாச் சொல்லுவா."

"எழுதிக் குடுத்துட்டா. வேணுமாம்."

"சேராதுங்களே?"

"அவளோடது உங்க வீட்டுக்காரருக்குச் சேருது. உங்களோடதும் அவருக்குச் சேருது. மூணு பேரும் ஒரே வகை."

தாரணி கோர்ட்டு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஜாதகப் பொருத்தம் என்று சந்தோஷப்பட்டாளே, அதில் மூன்றாவதாக ஒரு ஜாதகம் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

பூபதி திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும், "எதுக்கு அம்மணி இப்புடிப் பண்ணுன?" என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.

ஐப்பசி முடிவதற்குள் தாரணி ஆளே மாறிப்போனாள். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்தினாள். வாசலில் பால்காரர் கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் போனாள். குளிக்கும்போது தாழ்ப்பாள் போடப் பயம். கதவை லேசாகச் சாத்திவிட்டு, "ஏனுங்க, இருக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே குளித்தாள்.

"இருக்கறேன், இருக்கறேன்." கூடத்திலிருந்த நாற்காலி மறுபடியும் குளியலறை வாசலுக்கு வந்திருந்தது.

பயத்தோடு பயமாகப் பொறாமை மட்டும் குறையாமல் இருந்தது. அதை எடுக்க இன்னும் ஊசி கண்டுபிடிக்கவில்லை போலும். தாரணி படுத்துக்கொண்டு கணக்குப் போடுவாள். என் தைரியம் அவளுக்குப் போகிறது. அவள் தைரியம் இவருக்கு வருகிறது. இவர் தைரியமாக என் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைக் கோதுகிறார். அப்படியானால் இப்போது என் தலையைக் கோதுவது யார் கை? இந்த இடத்துக்கு வந்ததும் அவர் கையைத் தள்ளிவிடுவாள். தள்ளிவிட்ட மறுநிமிஷம் பயம் வந்து தானே இழுத்து வைத்துக்கொள்வாள்.

கட்டணம் கட்டத் தாரணி வியாழன்தோறும் பின்வாசல் வழியாகப் போகவேண்டும். பூபதி கூடவே வந்தார். வியாழன் சந்தை நாளாக இருந்தும் சந்தைக்குப் போகவில்லை. மாடுகளை விட்டுவிட்டு அவர் தனக்காக வந்தது அவளுக்கு இனித்தது. ஆனால் அந்தச் சாலையோரத்தில், ஆவணியில் கோகிலா நின்ற அதே இடத்தில், இப்போது தான் நிற்பது இனிக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை. கட்டணம் கொடுத்துவிட்டு வெளியே வந்து, பூபதி டீ வாங்கப் போயிருந்தார். தாரணி சுவரோடு ஒட்டி நின்றாள். கோகிலா உள்ளேயிருந்து வந்தாள். நெற்றியில் தழும்பு. துப்பட்டா தலையை விட்டுத் தோளுக்கு இறங்கியிருந்தது. நடையே வேறு.

அடிக்கப் போகிறாள் என்று தாரணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சாப்ட்டீங்களாக்கா?" என்றாள் கோகிலா.

தாரணி கண்ணைத் திறந்தாள்.

"பயப்படாதீங்க. நா ஒண்ணும் பண்ண மாட்டேன். பயம்னா என்னன்னு எனக்கும் தெரியும். உங்களுது நெம்பக் கெட்டிங்கக்கா. ரெண்டு ஊசிலயே எந்திரிச்சு உக்காந்துட்டேன். என்றது கூட இவ்வளவு கெட்டியில்ல."

அதைக் கேட்டு ஒரு கணம் தாரணிக்குப் பெருமையாக இருந்தது. உடனே கேட்டுவிட்டாள். "இன்னும் உன்றதுதான் எங்கூட்டுக்காரருக்குப் போகுதா?"

கோகிலா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதுங்களா? அண்ணன் ஆடியிலேயே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாராமா. என்றது ஆருக்கும் போறதில்ல. எடுத்து எடுத்துப் பொட்டில வெக்கறாங்களாமா."

"ஆருக்கும் போகலையா? அப்புறம் எதுக்கு உங்கிட்ட எடுத்தாங்க?"

"கட்டணம்னா கட்டணம்தானுங்களே. வாங்க ஆளிருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

சொல்லிவிட்டுக் கோகிலா சாலையில் இறங்கினாள். எதிரே வந்த பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தினாள். டிரைவர் ஏதோ கத்தினார், இவளும் திரும்பக் கத்திக்கொண்டே எதிர்ப்பக்கம் தாண்டிப் போனாள். தாரணி பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தக் கத்தல் தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. காய்கறிக்காரனிடம், கரண்டு ஆபீஸில், மகளின் பள்ளிக்கூடத்தில் அவள் போட்ட சத்தம். எவ்வளவு நன்றாக இருக்கிறது! இன்னொருத்தி போட்டுக்கொண்டு போகிற தன் புடவையைப் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

பூபதி இரண்டு டம்ளரோடு வந்தார்.

"ஆடியிலேயே நிறுத்திட்டீங்களாமா?"

"ஆரு சொன்னது?"

"அவதான் சொன்னா. அப்ப வெயாழக்கெழமை வெயாழக்கெழமை எங்க போனீங்க?"

"சந்தைக்குத்தான். அதைத்தான் வாராவாரம் சொன்னனே."

"தொட்டி மேல ஏறுனது?"

"தொட்டி நெம்ப அழுக்கா இருந்துச்சு அம்மணி."

"தலை சுத்தலையா?"

"சுத்துச்சு. புடிச்சுட்டு நின்னேன்."

தாரணிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "எங்கிட்ட ஏனுங்க சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் புள்ள மண்டை ஒடைஞ்சிருக்குமா? நா இப்புடிச் செவுத்தைப் புடிச்சுட்டு நிப்பனா?"

"சொல்லியிருந்தா நீயும் கூட வந்திருப்ப. நீ கூட வந்தா, சந்தைக்குள்ள காலெடுத்து வெச்சது என்ற தைரியமா உன்ற தைரியமான்னு எனக்கே தெரிஞ்சிருக்காது. மொதல் ரெண்டு வாரம் சந்தை வாசல்லயே நின்னுட்டுத் திரும்பி வந்தேன். அதை உங்கிட்ட எப்புடிச் சொல்லறது?"

"நா கேஸுல மாட்டுனப்பறமாவது?"

"அன்னைக்குச் சொல்லியிருந்தா நீ இன்னும் ஒடைஞ்சு போயிருப்ப." பூபதி டீயைத் தரையில் வைத்தார். "தப்புத்தான் அம்மணி."

அதாவது, தாரணி இத்தனை நாள் பொறாமைப்பட்டது இல்லாத ஒருத்தியைப் பார்த்து. தொட்டிமேல் ஏறியது அவர்தான் என்றால் சீட்டியும் அவருடையது, மிளகும் அவருடையது, குறட்டையும் அவருடையதேதான். இது ஆறுதலாக இருக்கவேண்டும். இருந்தது. ஆனால் அவளை விட்டுவிட்டுத் தனியாகச் சந்தை வாசலில் நின்று பயந்தாரே, அந்தப் பயத்தில் தனக்குப் பங்கு கொடுக்கவில்லையே என்று அதற்கும் வயிறு எரிந்தது.

லாரி ஒன்று காதைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தாரணி அலறி அவர் சட்டையைப் பிடித்தாள். பூபதி தோளிலிருந்த பச்சைத் துண்டை எடுத்து உதறி, இரண்டு கைமேலும் போட்டார். துண்டுக்கு அடியில் அவள் ஐந்து விரலையும் சேர்த்துக் கொத்தாகப் பிடித்தார். அவர் கை ஈரமாகத்தான் இருந்தது. அவருக்கும் பயம் இருந்தது. பிடி மட்டும் இறுகியிருந்தது.

"இது ஆரோட தைரியமுங்க?" என்று கேட்டாள்.

"என்றதுதான். இருக்கறது இவ்வளவுதான்."

இருவரும் சாலையில் இறங்கினார்கள். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்ற கோகிலா திரும்பிப் பார்த்தாள். பூபதியைப் பார்த்து, "என்னங்கண்ணா, நல்லாருக்கீங்களா?" என்று சிரித்தாள்.

தாரணி மறு கையால் துண்டை இழுத்து இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டாள்.